வீடியோ மீட்டிங்: லிங்க் வந்ததிலிருந்து குறிப்பு அனுப்பும் வரை, பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) அறையிலோ வாடகை வீட்டிலோ இருந்தபடி அலுவலக மீட்டிங்கில் கலந்துகொள்பவர்களுக்காக எழுதப்பட்டது இது. புதியவர்கள் பெரும்பாலும் சட்டை, பின்னணி, முகம் என்று கேமராவில்தான் தொடங்குகிறார்கள். குரலைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். படம் மங்கினாலும் பேச்சு தொடரும். குரல் விட்டுவிட்டு வந்தால் மீட்டிங் அங்கேயே நின்றுவிடும், எட்டுப் பேர் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். ஆகவே முதலில் நேரம், அடுத்து குரல், பிறகு நெட்டும் கரன்ட்டும், அதன் பின்தான் வெளிச்சமும் கேமராவும்.

1. நேரத்தை இரண்டு ஊர்க் கணக்கிலும் பாருங்கள்

நம் கடிகாரம் ஆண்டு முழுவதும் மாறாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆண்டுக்கு இரண்டு முறை மாறும். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடைக் கணக்கில் நமக்கு மாலை 6:30. நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அதுவே இரவு 7:30. லண்டன் காலை 10 மணி, கோடையில் நமக்குப் பிற்பகல் 2:30, மற்ற மாதங்களில் 3:30.

இரு நாடுகளும் ஒரே நாளில் மாற்றுவதில்லை என்பதில்தான் சிக்கல். பிரிட்டன் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் மாற்றுகிறது. இடைப்பட்ட வாரங்களில் மூன்று ஊர் மீட்டிங் என்றால் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ வந்து நிற்பார்.

காலண்டர் அழைப்பை நம்புங்கள்; வாட்ஸ்அப்பில் வந்த நேரத்தை நம்பாதீர்கள். வாராந்தர அழைப்பை யார் உருவாக்கினார்களோ அவர்கள் ஊர் நேரம்தான் நிலையாக இருக்கும், மற்றவர்களுக்கு நகரும். நீங்கள் அனுப்பும் மெயிலில் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதிவிடுங்கள்.

அழைப்பு வந்ததும் வருகிறேன், வரவில்லை என்று ஏதாவது ஒன்றை அழுத்துங்கள். பதில் சொல்லாமல் விட்டால், ஏற்பாடு செய்தவர் உங்களை எதிர்பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முதல் ஐந்து நிமிடத்தைக் காத்திருந்தே கழிப்பார்.

2. முந்தின நாளே கையில் இருக்க வேண்டியவை

ஒயர் உள்ள இயர்போன், சார்ஜர், டேட்டா உள்ள போன், லேப்டாப்பை உயர்த்த நான்கைந்து தடிமனான புத்தகங்கள், பேப்பரும் பேனாவும். இவ்வளவு போதும்.

மீட்டிங் செயலியை முந்தின நாளே திறந்து அப்டேட் செய்துவிடுங்கள். மீட்டிங் தொடங்கும் நிமிடத்தில் அப்டேட் கேட்டால் அது முடியும் வரை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். பிரவுசர் வழியாகச் சேர்பவர்கள் மைக், கேமரா இரண்டுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு முறை தவறிப்போய் மறுத்திருந்தால், அந்தத் தளத்துக்கு அது மறுப்பாகவே பதிந்திருக்கும்.

3. குரலைச் சரிசெய்யுங்கள்

லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு லேப்டாப் மைக்கில் பேசுவதைத் தவிருங்கள். எதிரில் பேசுபவரின் குரல் உங்கள் ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி உங்கள் மைக்குக்குள் போய் அவருக்கே திரும்பிக் கேட்கும். செயலிகள் இதைக் குறைக்கப் பார்க்கின்றன, முழுதாக முடிவதில்லை. இதில் ஒரு கஷ்டம்: எதிரொலி உங்களுக்குக் கேட்காது, மற்ற எல்லோருக்கும் கேட்கும். யாராவது சொன்னால் நம்பி உடனே இயர்போனை மாட்டுங்கள்.

ப்ளூடூத்தைவிட ஒயர் இயர்போன் நல்லது. வழக்கமான ப்ளூடூத் ஹெட்செட்டுகளில் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் ஒலித்தரம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். பாட்டுக் கேட்கும்போது இருந்த தெளிவு அப்போது இருக்காது. போதாததற்கு, பாதி மீட்டிங்கில் சார்ஜ் தீரும்.

ஒயர் இயர்போனில் மைக் எங்கே இருக்கிறது என்று ஒரு முறை தேடிப் பாருங்கள். வலது அல்லது இடது ஒயரில், தாடைக்குக் கீழே, பட்டன் உள்ள அந்தச் சின்னப் பெட்டியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். அந்தத் துளை சட்டைக் காலரிலோ துப்பட்டாவிலோ ஐடி கார்டு கயிற்றிலோ உரசினால், கேட்பவர் காதில் சரசரவென்று விழும். பேசும்போது தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் உரசும். ஒயரை ஒரு கிளிப்பில் சட்டையோடு பிடித்து, துளை வெளிப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். கையில் பிடித்து வாயருகே கொண்டுபோகாதீர்கள். மூச்சுக் காற்று மோதும்.

மின்விசிறி நேர் மேலே இருந்தால் வேகத்தைக் குறையுங்கள், அல்லது அதற்கு அடியிலிருந்து நகர்ந்து உட்காருங்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். மெத்தை, திரைச்சீலை, துணி அலமாரி உள்ள மூலை அதை உறிஞ்சிக்கொள்ளும். அந்த வகையில் பி.ஜி. அறைக் கட்டில் மூலை நல்ல இடமே.

செயலியில் உள்ள சத்தக் குறைப்பை இயக்கி வையுங்கள். மிக்சி, மின்விசிறி, தெருவில் போகும் வண்டி ஆகியவற்றை அது ஓரளவு வடிகட்டும். பக்கத்துக் கட்டிலில் நண்பர் போன் பேசுவதை அது பெரும்பாலும் விட்டுவிடும், ஏனென்றால் அதுவும் மனிதக் குரல்தான்.

கடைசியாகச் சோதனை. ஜூமில் ஆடியோ அமைப்புக்குள் ஸ்பீக்கர், மைக் சோதனைகள் இருக்கின்றன. டீம்ஸில் டெஸ்ட் கால் போடலாம். கூகுள் மீட்டில் உள்ளே நுழையும் முன் வரும் திரையிலேயே மைக்கைச் சரிபார்க்கலாம். எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். இயர்போனைச் செருகியிருந்தும் லேப்டாப் மைக்கே தேர்வில் இருப்பது அடிக்கடி நடக்கும்.

4. நெட், கரன்ட்: ரூட்டரை மறந்துவிடாதீர்கள்

ஒருவரின் தெளிவான வீடியோவுக்கு நொடிக்கு 3 மெகாபிட் வரை போதும். ஆகவே 100 மெகாபிட் இணைப்பு இருந்தும் படம் உறைகிறது என்றால், குறை பெரும்பாலும் வேகத்தில் இல்லை, வைஃபையில். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும். ஆனால் அடுக்குமாடியில் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் அதில்தான் நெரிசலாக நிற்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அவ்வளவு நெரிசல் இல்லாதது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். ரூட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். முடிந்தால் கேபிளையே செருகிவிடுங்கள்.

சோதனையை மீட்டிங் நேரத்தில் செய்யுங்கள். மாரத்தஹள்ளி, பிடிஎம் லேஅவுட் பக்கம் ஒரு பி.ஜி.யில் பகல் 11 மணிக்கு நெட் பறக்கும். அமெரிக்க மீட்டிங் வரும் இரவு 8 மணிக்கு மாடி முழுவதும் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் திணறுகிறது என்றால் போன் ஹாட்ஸ்பாட்டை முதல் வழியாகவே வைத்துக்கொள்ளலாம்.

கரன்ட் போனால் லேப்டாப் ஓடும், ரூட்டர் ஓடாது. ஜெனரேட்டர் உள்ள அடுக்குமாடியில்கூட மாறும் சில விநாடிகளில் ரூட்டர் அணைந்து, மீண்டும் எழுந்து நெட்டைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்கால மழையும் அமெரிக்கக் காலை மீட்டிங்கும் ஒரே நேரத்தில் வருவதால் இது இங்கே முக்கியம்.

தீர்வு, ரூட்டருக்கான சின்ன யுபிஎஸ். வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும், ஆம்பியர் மாறும். ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் யுபிஎஸ் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் வைத்தால் வைஃபை கோடு முழுதாகத் தெரியும், நெட் இருக்காது.

பெங்களூரின் மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் முன்கூட்டி அறிவிக்கும் மின்தடைகளை முந்தின நாள் பார்த்துவிடுங்கள். போனில் ஹாட்ஸ்பாட்டை ஒரு முறை இயக்கி லேப்டாப்பை இணைத்து வைத்துவிட்டால், அவசரத்தில் பாஸ்வேர்ட் தேட வேண்டியிருக்காது.

5. வெளிச்சமும் கேமராவும்

ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரில் இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் கூடாது. பின்னால் வெளிச்சம் இருந்தால் கேமரா அதற்கு ஏற்ப தன்னைச் சரிசெய்துகொண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். இரவில் ஒரு மேசை விளக்கை எதிர்ச் சுவரின் மேல் திருப்பி வைத்தால், திரும்பி வரும் வெளிச்சம் முகத்தில் மென்மையாக விழும்.

லேப்டாப்பைக் கேமரா கண் மட்டத்துக்கு வரும் வரை உயர்த்துங்கள். கீழேயிருந்து பார்த்தால் மோவாயும் மின்விசிறியும்தான் தெரியும். தலைக்கு மேல் நான்கு விரல் இடம் விட்டு, மார்பு வரை தெரியும்படி உட்காருங்கள். கேமராக் கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள், விரல் எண்ணெய் படிந்திருக்கும். போனில் சேர்கிறீர்கள் என்றால் கிடைமட்டமாக ஸ்டாண்டில் வையுங்கள். கையில் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் கை தளர்ந்து ஆடத் தொடங்கும்.

கண்ணாடி அணிபவர்கள் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து விளக்கைச் சற்று மேலே ஏற்றினால் பளபளப்பு போகும். நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமராவில் நெளியும், ஒரே நிறச் சட்டை போடுங்கள். பின்னால் காயப்போட்ட துணியும் திறந்த பீரோவும் தெரியக் கூடாது. அறை அனுமதிக்கவில்லை என்றால் பின்னணியை மங்கலாக்கும் வசதி போதும். கடற்கரைப் படமெல்லாம் வேண்டாம், கையை அசைத்தால் விரல் மறைந்துபோகும்.

6. உங்கள் பெயர் எப்படித் தெரிகிறது?

தமிழர்களுக்கு இது தனிச் சிக்கல். நம் இனிஷியல் அப்பா பெயர். படிவத்தில் கடைசிப் பெயர் கேட்டதால் அப்பா பெயரைப் போட்டிருப்பீர்கள், அல்லது பாஸ்போர்ட்டில் உள்ளபடி அலுவலகமே போட்டிருக்கும். பிறகு வெளிநாட்டுக்காரர் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், நீங்கள் வேறு யாரையோ என்று பேசாமல் இருப்பீர்கள். எந்தப் பெயரால் கூப்பிட வேண்டுமோ அதை முதலில் வரும்படி மாற்றுங்கள். அமைப்பு அனுமதிக்காவிட்டால் அறிமுகத்தின்போது ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

போனிலிருந்து சேரும்போது போன் மாடலின் பெயரோ வீட்டில் வேறு ஒருவரின் பெயரோ தெரியக்கூடும். காத்திருப்பு அறையில் அப்படி ஒரு பெயரைப் பார்ப்பவர், யாரென்று தெரியாமல் உள்ளே விட மாட்டார்.

7. வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள்

"ஏழு மணியிலிருந்து ஏழே முக்கால் வரை மீட்டிங்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். வெறுமனே மீட்டிங் இருக்கிறது என்றால் யாருக்கும் கணக்குத் தெரியாது. குக்கர் வைப்பதை முன்னோ பின்னோ தள்ளச் சொல்லலாம். டெலிவரி வருவதாக இருந்தால் வாசல் காவலரிடம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தால் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டிவிடுங்கள், அவர் அறையில் தைரியமாக நடமாடுவார்.

8. உள்ளே நுழைவது

ஐந்து நிமிடம் முன்னால் லிங்கைத் திறங்கள். மைக்கை அணைத்தே நுழையுங்கள். ஏற்கெனவே யாராவது பேசிக்கொண்டிருந்தால் வணக்கம் சொல்ல வேண்டாம், சாட்டில் ஒரு வரி போதும். நான்கு பேருக்குக் குறைவாக இருந்தால் மைக்கைத் திறந்து வணக்கம் சொல்லுங்கள், சும்மா கறுப்புப் பெட்டியாக இருந்தால் மற்றவர்களுக்குச் சங்கடம்.

நீங்களே நடத்துகிறீர்கள் என்றால் பத்து நிமிடம் முன்னால் வந்து, காத்திருப்பு அறையைக் கவனிக்க இன்னொருவரையும் துணை நடத்துநர் (கோ-ஹோஸ்ட்) ஆக்குங்கள். உங்கள் நெட் அறுந்தாலும் மீட்டிங் நிற்காது. இலவசக் கணக்கு என்றால் வரம்பைக் கணக்கில் எடுங்கள்: ஜூமில் 40 நிமிடம், கூகுள் மீட்டில் மூன்று பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 60 நிமிடம்.

9. பேசும் முறை

பேசாத நேரத்தில் மியூட். ஜூமில் ஆல்ட்டும் ஏவும், டீம்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எம், மீட்டில் கன்ட்ரோலும் டியும் (D). இவை விண்டோஸ் கணக்கு. மீட்டில் ஒரு எச்சரிக்கை: வேறு டேபில் இருந்துகொண்டு அழுத்தினால் மைக் மாறாது, அந்தப் பக்கம் புக்மார்க் ஆகும். ஜூமில் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மைக் திறந்திருக்கும். ஆனால் கர்சர் சாட் பெட்டிக்குள் இருந்தால் வெறும் இடைவெளிதான் விழும், நீங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது.

ஒருவர் முடித்ததும் ஒரு விநாடி விட்டுப் பேசுங்கள். ஒலி போய்ச் சேரத் தாமதமாகும். நீங்கள் உடனே தொடங்கினால் அவருடைய கடைசிச் சொல் மேல் ஏறிவிடும், இருவரும் நிறுத்துவீர்கள், இருவரும் மறுபடி ஒன்றாகத் தொடங்குவீர்கள். அப்படி மோதினால் "நீங்க சொல்லுங்க" என்று ஒருவர் தெளிவாக விட்டுக்கொடுக்க வேண்டும்.

கேள்வியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், பெயர் முதலில் வரட்டும். பொதுவாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தால் வேறு யாராவது பதில் சொல்வார் என்று எல்லோரும் இருப்பார்கள். உங்களை யாராவது கேட்டால் வாயால் பதில் சொல்லுங்கள். நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிச் சரி என்போம், வெளிநாட்டவர் சிலருக்கு அது இல்லை என்று தெரியும். சின்னப் பெட்டியில் இன்னும் குழப்பம்.

டீமில் கன்னடக்காரர், தெலுங்குக்காரர், வங்காளி எல்லாம் இருக்கும்போது இரண்டு தமிழர்கள் நடுவில் தமிழுக்குத் தாவுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. நோக்கம் தவறில்லை, வேகமாகப் புரியவைக்கத்தான். ஆனால் மற்றவர்களுக்கு ஏதோ மறைப்பதுபோல் படும். தாவிவிட்டால் உடனே சாரத்தைப் பொது மொழியில் சொல்லிவிடுங்கள். மச்சி, டா எல்லாம் தனிப் பேச்சுக்கு. "சார்" என்பதா பெயரா என்பதில் அந்த அலுவலக வழக்கத்தைப் பின்பற்றுங்கள். பல ஐடி நிறுவனங்களில் மேலாளரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், அங்கே மரியாதை குரலில் இருந்தால் போதும்.

10. திரையைப் பகிர்வது

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது, வரிசை தவறக் கூடாது.

முதலில் சுத்தம் செய்யுங்கள். வாட்ஸ்அப் வெப், வங்கி, வேலை தேடும் தளங்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள். தனி பிரவுசர் விண்டோ ஒன்றைத் திறந்து தேவையான டேப்களை மட்டும் முன்பே ஏற்றி வையுங்கள். பகிர்ந்தபடியே முகவரிப் பெட்டியில் தட்டினால், முதல் எழுத்திலேயே நீங்கள் முன்பு போன தளங்கள் எல்லாம் வரிசையாக விழும். குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) அழுத்தினால் புக்மார்க் பட்டை மறையும்.

அடுத்து, முழுத் திரையைப் பகிராமல் ஒரு விண்டோவை அல்லது டேபை மட்டும் தேர்ந்தெடுங்கள். பவர்பாயின்ட்டில் இதிலும் ஒரு பொறி உண்டு: ஸ்லைட் ஷோ தொடங்கினால் அது புது விண்டோவாகத் திறக்கும், பார்ப்பவர்களுக்குப் பழைய எடிட் திரையே நிற்கலாம். ஸ்லைட் ஷோ அமைப்பில் விண்டோவுக்குள்ளேயே காட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தால் இது தீரும்.

வீடியோ ஓட்டிக் காட்டுவதானால் ஒலியையும் பகிரும் கட்டத்தை டிக் செய்ய வேண்டும். உங்களுக்குக் கேட்பதால் மற்றவர்களுக்கும் கேட்கும் என்று நினைக்க வேண்டாம். மீட்டில் ஒலி வேண்டுமென்றால் டேபாகப் பகிருங்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் திரைப் பதிவு அனுமதியை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். அனுமதி கொடுத்த பிறகு செயலியை மூடித் திறக்கச் சொல்லும். மீட்டிங் நடுவில் அதைச் செய்தால் நீங்கள் வெளியே போய்விடுவீர்கள்.

எழுத்தை 125 முதல் 150 சதவீதம் வரை பெரிதாக்குங்கள், எதிரில் ஒருவர் போனில் பார்த்துக்கொண்டிருக்கலாம். திரை தெரிகிறதா என்று ஒரு முறை கேட்டு, பதில் வரும் வரை பொறுங்கள். சொல்ல வேண்டியது முடிந்ததும் பகிர்வை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மெயிலைத் திறப்பது எல்லோருக்கும் தெரியும்.

11. நடுவில் அறுந்தால்

குரல் உடைகிறது என்றால் முதலில் உங்கள் கேமராவை அணையுங்கள், இருக்கும் நெட் குரலுக்குப் போகும். "நெட் சரியில்லை, கேமராவை அணைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அணையுங்கள். சொல்லாமல் அணைத்தால் எழுந்து போய்விட்டதாக நினைப்பார்கள்.

அதுவும் போதாவிட்டால் ஹாட்ஸ்பாட். அதுவும் இல்லையென்றால் அழைப்பிதழில் தொலைபேசி எண் கொடுத்திருந்தால் சாதாரண அழைப்பாகச் சேருங்கள். போனில் சேர்ந்ததும் லேப்டாப்பின் ஒலியை முழுதாகத் துண்டியுங்கள், இரண்டும் ஒரே அறையில் இருந்தால் வீல் என்று அலறும். திரும்பி வந்ததும் நீண்ட விளக்கம் வேண்டாம். எந்த இடத்தில் விட்டுப்போனது என்று மட்டும் சொல்லிக் கேளுங்கள்.

அவுட்டர் ரிங் ரோட்டில் வாடகைக் காரில் மாட்டிக்கொண்டால், கேட்க மட்டும் முடியும் என்று முன்பே செய்தி அனுப்புங்கள். வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்கள் என்றால் சேரவே வேண்டாம்.

12. பாதிப் பேர் மீட்டிங் அறையில், பாதிப் பேர் வீட்டில்

அறையில் இருப்பவர்கள் பொது மைக், ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, தங்கள் லேப்டாப்களில் ஒலி இல்லாமல் சேர வேண்டும். அறைக்குள் பக்கத்தில் இருப்பவரிடம் தனியாகப் பேசுவது வீட்டில் இருப்பவருக்கு முணுமுணுப்பாகக் கேட்கும். வெள்ளைப் பலகையில் எழுதினால் அவருக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் போட்டோ எடுத்துச் சாட்டில் போடுங்கள். கருத்துக் கேட்கும்போது வீட்டில் இருப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள். அறைக்குள் பேச்சு சூடுபிடித்த பிறகு அவர்களால் நுழைய முடியாது.

13. பதிவு செய்வது

பதிவு பட்டனை அழுத்தும் முன் வாயால் கேளுங்கள். எதற்காக, யார் பார்ப்பார்கள் என்று சொல்லுங்கள். குறிப்பெடுக்கும் ஏஐ செயலியைக் கூட்டிவந்தாலும் இதே முறைதான். வாடிக்கையாளர் மீட்டிங் என்றால் அவர்கள் தரப்பில் சரி என்று வந்த பிறகுதான்.

14. வெளியேறுவது, அதற்குப் பிறகு

முடிக்கும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது என்று வாசித்துவிடுங்கள். நடத்துபவர் கடைசியில் போக வேண்டும். நீங்கள் மட்டும் வெளியேறும் பட்டனும் எல்லோருக்கும் மீட்டிங்கை முடிக்கும் பட்டனும் அருகருகே இருக்கும், பார்த்து அழுத்துங்கள். வெளியேறிய பிறகு கேமரா விளக்கு அணைந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அறையில் யாரிடமும் பேசத் தொடங்க வேண்டும்.

குறிப்பை அன்றைக்கே அனுப்புங்கள். முடிவானது, செய்ய வேண்டியவர், தேதி ஆகிய மூன்றும் போதும். யார் என்ன பேசினார் என்ற முழுக்கதை யாரும் படிப்பதில்லை. வர முடியாதவர்களின் பெயரையும் அந்த மெயிலில் சேருங்கள், அடுத்த மீட்டிங்கில் அவர்களுக்காகப் பழையதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது.